விமான மாதிரிப் போட்டிக்கு முதல் தடவை போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விமான மாதிரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்த மறுநாளே மோட்டாரும் பேட்டரியும் தேட ஆரம்பித்துவிடுகிற அணிகள்தான் அதிகம். விதிப்புத்தகம் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாகக் கிடக்கும். கேப்டன் மட்டும் மேலோட்டமாகப் புரட்டியிருப்பார். விமானம் பாதி முடிந்த பிறகுதான் "இறக்கை நீளம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாதாமே" என்று ஒருவர் கண்டுபிடிப்பார்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்கப் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. அங்கிருந்து முதல் தடவை இந்தப் போட்டிக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரோநாட்டிக்கல்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. மெக்கானிக்கல், ஈசிஇ, சிவில் மாணவர்கள் சேர்ந்து கட்டிய விமானங்கள் நன்றாகவே பறக்கின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் போட்டியில் விமானத்தின் வடிவத்தை முடிவுசெய்வது விதிப்புத்தகம்தான். அதைப் படிக்காமல் இறக்கை வரையாதீர்கள்.

எந்தப் போட்டி என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கல்லூரி விழாக்களில் நடப்பவை சின்னப் போட்டிகள். கையால் எறிகிற கிளைடர், ரப்பர் பேண்டு விமானம், தெர்மாகோல் ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) விமானம் என்று இருக்கும். விதிகள் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். புதியவர்கள் தொடங்க நல்ல இடம் இதுதான்.

பெரிய போட்டிகளுக்கு முன்மாதிரி அமெரிக்காவில் உருவானது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஏரோ டிசைன் போட்டி 1986லிருந்து நடக்கிறது. ஏஐஏஏ என்ற விமான, விண்வெளிப் பொறியாளர் அமைப்பின் 'டிசைன், பில்ட், ஃப்ளை' போட்டி 1996-97 கல்வியாண்டில் தொடங்கியது. இந்தியாவில் எஸ்ஏஇ இந்தியா நடத்தும் போட்டியும் அதே அச்சில்தான் இருக்கிறது. வடிவமைப்பு அறிக்கை, நடுவர்கள் முன் விளக்கம், களத்தில் பறத்தல் என்று மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. பறப்பது மட்டும்தான் போட்டி என்று நினைத்து அறிக்கையைக் கடைசி இரவில் எழுதுகிற அணி, களத்துக்குப் போகும் முன்பே பின்தங்கிவிடும்.

என்சிசி விமானப் பிரிவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் ஏரோமாடலிங் ஒரு போட்டியாகவே நடக்கிறது. அங்கே பழகிய மாணவர் ஒருவர் உங்கள் கல்லூரியில் இருந்தால் தேடிப்பிடித்து அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் ரிமோட் பிடித்துப் பழகிய ஒருவர் அணியில் இருப்பது பெரிய பலம்.

விதிப்புத்தகத்தைப் படிக்கும் முறை

அணி முழுக்க ஓர் அறையில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். ஒருவர் படிக்க, இன்னொருவர் மூன்று பட்டியல் எழுதட்டும்: கண்டிப்பாக இருக்க வேண்டியவை, இருக்கவே கூடாதவை, மதிப்பெண் தருபவை. கேள்வி வந்தால் அமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். "போன வருஷம் விட்டாங்களே" என்று சீனியர் அண்ணன் சொல்வதை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். பல போட்டிகளில் விதிகள் ஆண்டுதோறும் மாறும். பழைய விமானத்தையே திரும்பக் கொண்டுவரக் கூடாது என்பதற்காகவே மாற்றுகிறார்கள்.

பெரும்பாலான போட்டிகளில் வரும் தடைகள் இவை. கடையில் வாங்கிய ரெடிமேட் விமானம் கூடாது. உலோக ப்ரொப்பெல்லர் கூடாது. ஈயத்தை எடையாக வைக்கக் கூடாது. விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் கைரோ கூடாது. ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆக இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லரின் முன்னால் கூரான போல்ட் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஸ்பின்னர் என்ற கூம்பு மூடியோ வட்டமான நட்டோ போட வேண்டும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சிவப்பு நிறப் பிளக் ஒன்று, ப்ரொப்பெல்லரிலிருந்து எட்டத் தள்ளி, வெளியிலிருந்து கையால் பிடுங்கும்படி இருக்க வேண்டும். இது விரல்களைக் காப்பாற்றுவதற்கான விதி. 12 அங்குல ப்ரொப்பெல்லர் சுற்றும் வேகத்தில் விரல் பட்டால் எலும்புவரை வெட்டும்.

அளவு வரம்புகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கை நீளம், மொத்த எடை, மின்சக்தி வரம்பு, தரையில் ஓடி எழும்ப அனுமதிக்கும் தூரம், இறங்க வேண்டிய இடம். இந்த ஐந்தும்தான் உங்கள் விமானத்தின் எல்லைக்கோடு.

மதிப்பெண் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

அதிகம் பேர் தாண்டிப்போகிற இடம் இது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டு. மதிப்பெண் என்பது தூக்கிய சுமையை வெறும் விமானத்தின் எடையால் வகுத்து வருவது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விமானம் 1.5 கிலோ, சுமை 1.5 கிலோ, மொத்தம் 3 கிலோ. மதிப்பெண் 1. இப்போது எப்படியோ இன்னும் 150 கிராம் சுமை ஏற்றிவிட்டீர்கள். மதிப்பெண் 1.65ஐ 1.5ஆல் வகுத்து 1.1 ஆகும். இதற்குப் பதிலாக விமானத்திலிருந்தே 150 கிராமைக் குறைத்து, மொத்தம் 3 கிலோவை மாற்றாமல் அந்த 150 கிராமைச் சுமையாக ஏற்றினால்? 1.65ஐ 1.35ஆல் வகுக்க, 1.22. இறக்கை தூக்கும் எடை கொஞ்சமும் கூடவில்லை, ஆனால் மதிப்பெண் 22 சதவீதம் ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட சூத்திரம் இருந்தால் உங்கள் வேலை பெரிய மோட்டார் தேடுவதல்ல. பசை, டேப், திருகு என்று ஒவ்வொரு கிராமாகக் குறைப்பது.

சூத்திரம் வேறாக இருந்தால் விமானமும் வேறாக இருக்கும். களத்தை எத்தனை வட்டம் அடித்தது என்று பார்க்கிற போட்டியில் வேகமும் பேட்டரியும் முக்கியம். மொத்தச் சுமைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் பெரிய இறக்கை. எல்லாச் சுற்றுகளின் மதிப்பெண்ணையும் கூட்டுகிறார்களா, சிறந்த சுற்றை மட்டும் எடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கூட்டினால், முதல் சுற்றிலேயே அதிகபட்சச் சுமையோடு போவது புத்திசாலித்தனம் இல்லை. குறைந்த சுமையில் ஒரு முழுச் சுற்று முடித்து மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு ஏற்றுங்கள். முதல் சுற்றில் நொறுங்கிய விமானத்துக்கு இரண்டாம் சுற்று கிடையாது.

அளவுகளை முடிவுசெய்தல், வேலூர் வெயிலையும் சேர்த்து

மேலே சொன்ன 3 கிலோ விமானத்தையே எடுத்துக்கொள்வோம். இறக்கை நீளம் 1.6 மீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர். பரப்பு 0.48 சதுர மீட்டர். தூக்குவிசைக் குணகம் (இறக்கையின் வடிவம் எவ்வளவு தூக்கும் என்பதற்கான எண்) அதிகபட்சம் 1.3 என்று வைத்தால், வேலூர் வெயிலில் விமானம் விழாமல் பறக்கக் குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதைவிட 20 சதவீதம் கூடுதலாக, நொடிக்கு 11 மீட்டர் வந்தபிறகுதான் தரையை விட்டு எழும்ப வேண்டும். 30 மீட்டருக்குள் அந்த வேகம் வர வேண்டும் என்றால் நிகர முன்தள்ளல் சராசரியாக 600 கிராமுக்கு மேல் தேவை. சக்கர உராய்வு, காற்றின் எதிர்ப்பு, வேகம் கூடக் கூட ப்ரொப்பெல்லரின் முன்தள்ளல் குறைவது எல்லாம் சேர்த்தால், நின்ற நிலையில் 1.3லிருந்து 1.5 கிலோ முன்தள்ளலாவது தரும் மோட்டார் வேண்டும். எடை கிலோவுக்கு 150 முதல் 200 வாட் என்ற பழைய கணக்கும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் கொண்டுவரும்.

இந்தக் கணக்கில் காற்றின் அடர்த்தி வருகிறது. பாடப்புத்தகமும் பல மென்பொருள்களும் ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று எடுத்துக்கொள்ளும். அது கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில் உள்ள காற்று. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த நேரத்தில் அடர்த்தி 1.10 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது கணினி சொன்னதைவிடத் தூக்குவிசை 10 சதவீதம் குறைவு. காலை ஆறரை மணிக்கு 24 டிகிரி என்றால் அடர்த்தி 1.16 வரும். ஒரே விமானம், ஒரே நாள். காலைக்கும் மதியத்துக்கும் 5 சதவீத வித்தியாசம். 3 கிலோ விமானத்துக்கு அது 150 கிராம் சுமை! எனவே மென்பொருளில் அடர்த்தியை மாற்றிப் போடுங்கள். அறிக்கையில் சுமைக்கும் காற்றின் அடர்த்திக்கும் வரைபடம் கேட்டால், போட்டி நடக்கும் ஊரின் வெப்பநிலைக்கே கணக்கிடுங்கள். நடுவர்கள் இதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு வருவோம். போட்டி வட்டாரத்தில் எஸ்1223 என்ற வடிவம் பிரபலம். தூக்குவிசை அள்ளிக் கொடுக்கும். ஆனால் அதன் பின்விளிம்பு காகிதம் மாதிரி மெலிந்து வளைந்திருக்கும், கையால் சரியாகக் கட்டுவது கடினம். மூக்கை அழுத்தும் திருப்புவிசையும் அதிகம், அதைச் சமாளிக்க வால் பெரிதாக வேண்டும். முதல் விமானத்துக்கு கிளார்க் ஒய் போதும். அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டை என்பதால் மேசையில் வைத்தே நேராக ஒட்டிவிடலாம். குறைவாகத் தூக்கினாலும் இரண்டு பக்க இறக்கையும் ஒரே மாதிரி வரும். புதியவர்களுக்கு அதுதான் முக்கியம்.

கிடைமட்ட வால் இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் தொடங்கலாம். வால் இறக்கையிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இந்த விமானத்துக்கு அது சரியாக வரும். வால் கிட்டே வந்தால் பரப்பைக் கூட்ட வேண்டும்.

சிஜி, அதாவது விமானத்தின் எடைமையம் பற்றி ஒரு நிமிடம் நின்று சொல்ல வேண்டும். 30 சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு, முன்விளிம்பிலிருந்து 7.5 முதல் 9 சென்டிமீட்டருக்குள் எடைமையம் விழ வேண்டும். இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் அந்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பேட்டரி, சுமை எல்லாம் வைத்து, ஆள்காட்டி விரல் நுனிகளால் அந்தக் கோட்டில் தூக்குங்கள். மூக்கு மெல்லக் கீழே சாய்ந்தால் சரி. வால் தொங்கினால் அன்றைக்குப் பறக்கவிடாதீர்கள். பேட்டரியை முன்னே தள்ளுங்கள். அப்புறம் சுமை இல்லாமலும் இதே சோதனை. சுமைப்பெட்டி சரியாக எடைமையத்தின் மேலேயே இருந்தால் இரண்டு தடவையும் ஒரே இடம் வரும். அப்படி வரவில்லை என்றால் பெட்டியை நகர்த்த வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. பல போட்டிகளில் வெறும் விமானத்தின் எடைமையத்தை உடலின் இரண்டு பக்கமும் குறியிட்டிருக்க வேண்டும் என்றே விதி உண்டு. அந்தக் குறி வரைபடத்தில் கொடுத்த இடத்தோடு பொருந்த வேண்டும்.

பொருளும் பசையும்

வெட்ட, ஒட்டத் தேவையான தெர்மாகோல், ஃபோம் போர்டு, ப்ளைவுட், ஃபைபர் டேப் எல்லாம் வேலூரிலேயே ஸ்டேஷனரி, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். லாங் பஜார் பக்கம் ஒரு சனிக்கிழமை காலை சுற்றினால் பாதிப் பட்டியல் முடிந்துவிடும். பால்சா, கார்பன் குழாய், மோட்டார், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) போன்றவற்றை ஆன்லைனில் வாங்கலாம். மின்னணுப் பொருள்களுக்கு அவசரம் என்றால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அன்று மாலையே திரும்பிவிடலாம். சர்வோவை மட்டும் கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். கியர் பல் உடைவது அங்கேதான்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து மாணவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. லெதர், ஷூ வேலை நடக்கும் ஊர்களில் ரப்பர் சொல்யூஷன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். சாதாரண சூப்பர் க்ளூவும் அப்படித்தான். முதலில் ஒரு துண்டில் தடவி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தெர்மாகோலுக்கு எப்பாக்ஸி, குறைந்த சூட்டில் ஹாட் க்ளூ, ஃபோமுக்கென்றே விற்கும் பசை ஆகியவை சரி. ஹாட் க்ளூ கனமானது, அதோடு வெயிலில் இளகும். மே மாத மதியத்தில் மைதானத்தில் நிற்கிற விமானத்தில் மோட்டார் மவுண்டை அதை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள்; அங்கே ப்ளைவுட்டும் திருகும்தான் வேண்டும்.

கருப்பு நிறத்தில் இறக்கையை மூடாதீர்கள். வெயில் ஏறினால் மேலே போட்ட ஃபிலிம் சுருங்கி இறக்கையை முறுக்கிவிடும். வெளிர்நிறம் போட்டு, அடிப்பக்கம் மட்டும் ஒரு அடர்ந்த பட்டை போடுங்கள். விமானம் தூரத்தில் இருக்கும்போது எந்தப் பக்கம் மேலே என்று விமானிக்குத் தெரிய அது உதவும். அணி எண்ணை எங்கே, எவ்வளவு பெரிதாக எழுத வேண்டும் என்பதும் விதியில் இருக்கும்.

இறக்கை கழற்றும்படி இருக்கட்டும், அதுவும் இரண்டாகப் பிரியும்படி. நைலான் போல்ட் போட்டால் மோதும்போது போல்ட் முறியும், இறக்கை தப்பும். ரயிலில் கொண்டுபோகும்போது அருமை தெரியும்.

பேட்டரி

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை அலட்சியமாகக் கையாளக் கூடாது. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. பறந்து இறங்கும்போது 3.5க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 3.8 அளவில் வைக்க வேண்டும். எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் சார்ஜ் செய்யவே கூடாது. ஹாஸ்டல் அறையில் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு வாளி மணலும் இருக்க வேண்டும். உப்பின பேட்டரியைத் தூக்கி எறிய மனம் வராது. ஆனாலும் அதைத் திரும்ப விமானத்தில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரிலோ பைக் பெட்டியிலோ விட்டுவிட்டு வகுப்புக்குப் போவதும் கூடாது. வெளியூருக்கு விமானத்தில் போகிறீர்கள் என்றால் தனிப் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போட அனுமதி இல்லை.

எங்கே பறக்கவிடுவது, சட்டம் என்ன சொல்கிறது

இதைப் போட்டிக்கு முன் செய்கிற சோதனைப் பறப்புக்காகச் சொல்கிறேன். போட்டிக்களத்துக்கு அனுமதி வாங்குவது அமைப்பாளரின் வேலை. உங்கள் ஊரில் சோதிக்க அனுமதி வாங்குவது உங்கள் வேலை.

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் ரிமோட் விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால். கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்கவிடும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானத்துக்கு வகைச்சான்று (அந்த வடிவமைப்புக்கு வாங்கும் தகுதிச் சான்று) தேவையில்லை. வணிக நோக்கம் இல்லாத மைக்ரோவுக்கு ரிமோட் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. முதல் விமானத்தை 2 கிலோவுக்குள் வைத்துக்கொள்ள இது ஒரு நல்ல காரணம். பதிவு, சான்றிதழ் தொடர்பான மற்ற நிபந்தனைகளை உங்கள் எடைப்பிரிவுக்கு ஏற்ப சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) இணையதளத்தில் பாருங்கள், கல்லூரி நிர்வாகத்தின் கடிதமும் கையில் இருக்கட்டும்.

அந்த இயக்குநரகத்தின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம்வரை தனி அனுமதி வேண்டாம். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் போகவே கூடாது. செயல்படும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சளோ சிவப்போதான். 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிக்கு மேல் மஞ்சள்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? வேலூருக்கு அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. அரக்கோணத்தில் 1992லிருந்து இயங்கும் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடற்பகுதியைக் கண்காணிக்கும் பெரிய விமானங்கள் அங்கிருந்து எழும்புகின்றன. அரக்கோணம், நெமிலி பக்கத்து மாணவர்கள் வீட்டு மாடியிலிருந்துகூட எதையும் பறக்கவிடும் முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தொரப்பாடி மத்தியச் சிறை, கோட்டை போன்ற இடங்களின் பக்கத்திலும் போகாதீர்கள். பறக்கவிடும் ஒவ்வொரு நாள் காலையிலும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள், நிறம் மாறக்கூடியது.

இடம் என்று பார்த்தால் கல்லூரி மைதானம்தான் முதல் தேர்வு. பாலாற்று மணல்வெளி பரந்து கிடப்பதைப் பார்த்தால் ஆசை வரும். மணலில் வயிற்றால் இறக்கலாம், சக்கரத்தில் ஓடி எழும்ப முடியாது. மணல் மோட்டாருக்குள் போனால் பேரிங் போய்விடும். கோடையில் வறண்ட ஏரிகள் நல்ல களம். ஊராட்சித் தலைவரிடமும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஆடு மேய்க்க வரும் பெரியவர் நிற்கிறார் என்றால் "ஐயா, கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே நில்லுங்க" என்று கேட்டு, அவர் நகர்ந்த பிறகு எழுப்புங்கள். ஏரிக்கரையை ஒட்டி உயர்மின் கம்பி போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கம்பியில் விமானம் மாட்டினால் கோல் வைத்து எடுக்க முயலாதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள்.

நேரம் காலை ஆறு முதல் எட்டரை. கோடையில் பத்து மணிக்கு மேல் தரை சூடேறி, காற்று குமிழ்குமிழாக மேலே கிளம்பும். மண்ணைச் சுருட்டி எழும் சுழற்காற்றும் வரும். ஆடி மாதக் காற்றில் இலகுவான விமானத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். தை, மாசிக் காலைகள் பழகுவதற்கு மிக நல்லவை.

யார் ஓட்டுவது? சில போட்டிகள் வெளியாளை விமானியாக அனுமதிக்கும், சில அனுமதிக்காது. அனுமதித்தாலும் அவர் உங்கள் விமானத்தைப் போட்டிக்கு முன்பே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மாணவரே ஓட்டுவதானால் கணினி சிமுலேட்டரில் தினமும் அரை மணி நேரம், ஒரு மாதமாவது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறித் தெரியும். அந்தக் குழப்பம் போகும்வரை உண்மையான விமானத்தைத் தொடாதீர்கள்.

அறிக்கையும் வரைபடமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பக்க வரம்பு, எழுத்தளவு, அலகு, கடைசித் தேதி ஆகிய நான்கிலும் கழிவு மதிப்பெண் உண்டு. ஒரு நாள் தாமதமும் எண்ணப்படும். மூன்று கோணப் படத்தில் உள்ள அளவும் மேசையில் இருக்கிற விமானத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அனுப்பிய பிறகு எதையாவது மாற்றினால் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் இருக்கும், அதை நிரப்பிக் கொடுங்கள். "ஏன் இந்த அளவு?" என்று நடுவர் கேட்டால் அணியில் யாரைக் கேட்டாலும் பதில் வர வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தவறில்லை, கதை விடாதீர்கள்.

சோதனை மேசையில் என்ன நடக்கும்

போட்டியன்று பறக்கும் முன் விமானத்தைத் தொழில்நுட்பச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு சோதகர் எப்படிப் பார்ப்பார் என்று வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் இதையே செய்து பழகுங்கள்.

முதலில் நாடாவும் தராசும். அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அப்புறம் எய்லரான் (இறக்கை மடல்), எலிவேட்டர் (கிடைமட்ட வாலின் மடல்), ரட்டர் (செங்குத்து வாலின் மடல்) ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பிடித்து இழுப்பார். கீல் கழன்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். சர்வோவிலிருந்து போகும் கம்பியின் நுனிக் கொக்கியில் சிலிக்கான் குழாய் வளையம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். போட்டிருக்காவிட்டால் பறக்கும்போது கொக்கி திறந்துகொள்ளும். பேட்டரியை ஆட்டிப் பார்ப்பார். சுமை போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும், டேப் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புவார். முழுச் சுமையோடு இரண்டு இறக்கை நுனிகளையும் பிடித்துத் தூக்கச் சொல்கிற போட்டிகளும் உண்டு. இறக்கை நடுவில் "கிறீச்" என்று சத்தம் வந்தால் அணியில் எல்லோருக்கும் முகம் வெளுத்துவிடும். அந்தச் சத்தத்தை உங்கள் கல்லூரி மேசையிலேயே கேட்டுச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

கடைசியில் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும் ஏற்பாடு. ட்ரான்ஸ்மிட்டரை அணைக்கச் சொல்வார். மோட்டார் உடனே நிற்க வேண்டும். வீட்டில் இதைச் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். விமானத்தில் உள்ள ரிசீவரை மாற்றினாலோ திரும்ப இணைத்தாலோ ஃபெயில்சேஃப் அமைப்பு அழிந்திருக்கலாம். எனவே போட்டிக்கு முந்தின இரவு மறுபடியும் ஒரு தடவை பாருங்கள்.

களத்தில்

விமானிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று காற்றின் திசை, மற்ற விமானம், மீதி நேரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் பேசக் கூடாது. காற்றை எதிர்த்தே எழும்புங்கள். காற்றின் திசை பார்க்க ஒரு துண்டுத் துணியை ட்ரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவிலோ குச்சியிலோ கட்டி வைத்தால் போதும். சிவப்புப் பிளக்கை ஓடுதளத்துக்குப் போன பிறகே செருகுங்கள், இறங்கியவுடன் முதலில் அதைப் பிடுங்குங்கள். பார்வையாளர் பக்கம் விமானத்தைத் திருப்பினால் அந்தச் சுற்றே செல்லாது. அப்படித் திரும்பும் நிலை வந்தால் மோட்டாரை நிறுத்தி விமானத்தைத் தரையில் விட்டுவிடுங்கள். ஆள் மேல் விழுவதைவிட விமானம் உடைவது பரவாயில்லை. இதை விமானியிடம் அணி முழுக்க முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நொடியில் அவருக்குக் கை வராது.

எழும்பியது மட்டும் போதாது, சொன்ன இடத்தில் முழுதாக இறங்கினால்தான் மதிப்பெண். இறங்கும்போது கழன்று விழும் பாகத்தைப் பற்றி விதி என்ன சொல்கிறது என்று படித்து வையுங்கள். பல போட்டிகளில் ப்ரொப்பெல்லர் உடைவதை மட்டும் மன்னிப்பார்கள்.

உடைந்து ஒட்டினால் மறுபடி சோதனை மேசைக்குப் போக வேண்டும். அதற்கான கையெழுத்து இல்லாமல் வரிசையில் நிற்காதீர்கள். ஒட்டும் பெட்டியில் ஐந்து நிமிட எப்பாக்ஸி, ஃபைபர் டேப், கூடுதல் ப்ரொப்பெல்லர், சர்வோ, கொக்கி, நைலான் போல்ட், ஆலன் கீ, குடிக்கத் தண்ணீர், தொப்பி. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் கேப்டன் ஒருவர் மட்டும், விதி எண்ணைக் குறிப்பிட்டு, அனுமதித்த நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கூட்டமாகப் போய் வாதாடினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும், ஊருக்குக் கிளம்பும் முன் பேட்டரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்து பையில் வையுங்கள். அன்று பறந்த ஒவ்வொரு சுற்றின் சுமை, வெப்பநிலை, காற்று, ஓடி எழும்பிய தூரம் ஆகியவற்றை ரயிலிலேயே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் வரும் ஜூனியர்களுக்கு அந்த நோட்டைக் கொடுங்கள்.